அப்பத்தாவுக்கு ஆக்ஸ்போர்டிலிருந்து

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நலம். தம்பிதான் படித்துக் காட்டுவான் என்று தெரியும். டேய், அவசரப்படாமல் நிறுத்திப் படி.

நீ கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாடு தீர்ந்துவிட்டது. கடைசியாக வறுத்தபோது பக்கத்து அறைப் பெண் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டாள். முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. அங்கே ஒரு பாட்டி உன்னைப் போலவே மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறார்.

போன வாரம் லீவு நாளில் ஒரே மழை. பல்கலைக்கழகத்தின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன், டிக்கெட் கிடையாது. உள்ளே நம் பெருமாள் கோயில் கருவறை மாதிரி மங்கல் வெளிச்சம். நாடு நாடாகப் பிரிக்காமல் சாமான் சாமானாக அடுக்கியிருக்கிறார்கள். ஆயுதங்கள் மேல்மாடியில். அங்கே ஆஸ்திரேலியப் பூமராங்குகளோடு நம் சீமை வளரி, வேட்டையில் எறிவார்களே அந்த வளைதடி! கருப்பசாமி மூலையில் வைத்து வெள்ளிக்கிழமை சந்தனம் பூசுவாயே, அதே வளைவு. செருப்போடு நிற்கிறோமே என்று கால் கூசியது.

ஏன் இப்படிச் சேர்த்து வைத்தார்கள் என்று அப்புறம் படித்தேன். பிட் ரிவர்ஸ் ஒரு ராணுவ அதிகாரி. 1884-ல் தன் சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எளியதிலிருந்து நுட்பமானதுக்கு வரிசையாக அடுக்கினால் மனிதன் முன்னேறிய கதை தெரியும் என்பது அவர் கணக்கு. அந்த ஏணியில் அவர்கள் உச்சியில், நாம் கீழே. நம் ஆட்களுக்கும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கும் இன உறவு உண்டு என்பதற்கு வளரியைச் சாட்சியாக்கினார். உறவு சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, இரண்டு பேரையும் அடிப்படியில் உட்கார வைத்ததுதான் உறுத்துகிறது. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டுவிட்டு, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கும்பினி உத்தரவு போட்டதே, அது அந்த ஏணியில் எந்தப் படி?

ஒன்றும் மாறவில்லை என்று சொன்னால் பொய். சுருக்கிய மனிதத் தலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள், 2020-ல் எடுத்துவிட்டார்கள். பழைய விளக்க அட்டைகளில் உள்ள இழிசொற்களையும் தேடி ஆராய்கிறார்கள்.

நம் திருப்புல்லாணியைப் பாடிய திருமங்கை ஆழ்வார் கதையையும் கேள். அவருடைய வெண்கலச் சிலை ஒன்றை இதே பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் லண்டனில் ஏலத்தில் வாங்கியிருக்கிறது. கும்பகோணம் பக்கத்துக் கோயிலில் 1957-ல் எடுத்த போட்டோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தது. அதில் இருப்பதும் இந்தச் சிலையும் ஒன்றுதான் என்று ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார். 2024-ல் திருப்பிக் கொடுக்கப் பல்கலைக்கழகம் சம்மதித்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கதைகூட இல்லை பார், நாம் சுதந்திரம் வாங்கிய பிறகு நடந்தது. ஆழ்வாருக்கு ஒரு போட்டோவாவது துணைக்கு இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் வளரியை எறிந்த கை யாருடையது என்று யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். தம்பி, நம் வளரியை நாலு பக்கமும் போட்டோ எடு. பக்கத்தில் அளவுக்கு ஸ்கேல் வை. குளிக்காமல் தொடாதே, அப்பத்தா திட்டும். அப்பத்தா, அது யார் கையில் இருந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள், மான் வேட்டைக்குப் போனவர் உன் மாமனாரா அவருடைய அப்பாவா, எல்லாவற்றையும் பெயரோடு சொல். இவன் நோட்டில் எழுதட்டும். பெயர் மறந்த இடத்தில் சின்னத் தாத்தாவைக் கேளுங்கள், அவர் இருக்கும்போதே.

அடுத்த முறை கருவாட்டோடு கொஞ்சம் சந்தனத் தூளும் அனுப்பு.

உன் பேத்தி