நைசின் மட்டும் செங்கால் நோயை அடக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தவளைப் பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாக நன்மை செய்யும் பாக்டீரியாக்களின் பெப்டைடுகளை, அதாவது கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களைப் பயன்படுத்தலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால், எந்தப் பெப்டைடு எந்தக் கிருமியிடம் பலிக்கும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. பண்ணையாளர் ஏமாறுவது அங்கேதான்.

தொடையிலும் அடிவயிற்றிலும் ரத்தம் கசிந்து சிவக்கும் செங்கால் நோயில் அடிக்கடி சிக்குவது ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா. தலை ஒருபக்கம் சாய்ந்து, கண் வெளுத்துப்போனால் எலிசபெத்கிங்கியா என்ற பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுமே கிராம் நெகட்டிவ் என்ற வகைக் கிருமிகள். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற நல்ல பாக்டீரியா சுரக்கும் நைசின் பெப்டைடு, கிருமியின் செல்சுவர் கட்ட உதவும் லிப்பிட் 2 மூலக்கூறைப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. கிராம் நெகட்டிவ் கிருமிக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. நைசினால் அதைத் தாண்ட முடிவதில்லை. லாக்டிக் அமிலமோ இடிடிஏ என்ற வேதிப்பொருளோ அந்தச் சவ்வைத் தளர்த்திக் கொடுத்தால் உள்ளே போகும். அதற்காகத் தொட்டியில் இடிடிஏவைக் கொட்டிவிட முடியுமா? தவளை தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும் பிராணி.

விற்பனையாளர்கள் காட்டும் தட்டுப் படங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். கிருமியைப் பரப்பிய அகார் கூழ்த் தட்டில், நல்ல பாக்டீரியாவின் திரவத்தை விட்ட குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தெரியும். பல நேரம் அது அந்தப் பாக்டீரியா சுரக்கும் வெறும் அமிலத்தின் வேலை. நோயுற்ற தவளையின் கல்லீரலிலிருந்து பிரித்த கிருமியைத் தட்டில் பரப்புங்கள். நல்ல பாக்டீரியாவை வளர்த்த திரவத்தை மையவிலக்கியில் சுழற்றித் தெளிநீரை எடுத்து, பிஎச் 6.5க்குக் கொண்டுவந்து, ஹைட்ரஜன் பெராக்சைடை நீக்கக் கேட்டலேஸ் நொதி சேர்த்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக் குழியில் விடுங்கள். அப்போதும் வட்டம் இருந்து, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதி சேர்த்ததும் மறைந்தால் பெப்டைடு என்று நம்பலாம். மறையாவிட்டாலும் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பேசில்லஸ் பாக்டீரியாவின் சர்ஃபாக்டின் போன்ற, கொழுப்பு ஒட்டிய வளைய லிப்போபெப்டைடுகள் புரோட்டியேஸுக்கு எளிதில் மசியாது.

வாய்வழி கொடுத்த சுத்தப் பெப்டைடைக் குடல் நொதிகளே வெட்டிவிடும். அதனால் உயிருள்ள பாக்டீரியாவைத் தீவனத்தில் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. கிராமுக்கு ஒரு கோடி முதல் பத்துக் கோடி செல் என்பது வழக்கமான அளவு. லாக்டிக் அமில பாக்டீரியாவை ஆறிய தீவனக் குருணையின் மீதுதான் தெளிக்க வேண்டும். குருணை தயாரிக்கும் சூட்டில் அது செத்துவிடும். பேசில்லஸ் வித்துகள் அந்தச் சூட்டை ஓரளவு தாங்கும். தெளித்ததை நிழலில் உலர்த்தி அன்றே கொடுத்துவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் போடும் நாட்களில் கொடுத்தால் அது இந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும், காசு வீண்.

'இயற்கைப் பெப்டைடுக்குக் கிருமிகளிடம் எதிர்ப்புத்திறன் வராது' என்ற கட்டுரையின் வரியைத் திருத்த வேண்டும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் மண் பாக்டீரியா தந்த பெப்டைடுதான். அதை எதிர்க்கும், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எம்சிஆர்-1 மரபணு 2015இல் வெளிவந்தது. தேர்ந்தெடுக்கும் நுண்ணுயிரிடமும் எதிர்ப்பு மரபணு, ரத்த அணுக்களைச் சிதைக்கும் தன்மை இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். குளோரின் இருந்தால் நல்ல பாக்டீரியாவும் சாகும். காற்றூட்டி வைத்தால் குளோரின் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படி எளிதில் போகாது, அதற்குச் சோடியம் தயோசல்ஃபேட் வேண்டும். அதைச் சேர்த்தபின் மிஞ்சும் அம்மோனியாவையும் அளந்து பார்த்துத்தான் தவளைகளை விட வேண்டும்.

இப்படிக்கு,
நீர்வாழ் உயிரின நோய் ஆய்வகத்திலிருந்து ஒரு வாசகர்