இணைக்க வேண்டியது படகையா, பந்தயத்தையா?

ஐயா,

ஒன்றுபோலத் தெரியும் அதிவேகப் பாய்மரப் படகு வகுப்புகளை, அதாவது தனித்தனி விதிப்படி கட்டப்படும் படகு வகைகளை, ஒன்றாக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். 1990களில் இன்டர்நேஷனல் 14 வகுப்பும் ஆஸ்திரேலிய 14 அடி ஸ்கிஃப் (எடை குறைந்த வேகப் படகு) வகுப்பும் இணைந்தது உண்மைதான். ஆனால் அவை இரண்டுமே வடிவத்தை மாற்றிப் பார்க்க இடம் தந்தவை. ஒலிம்பிக் படகான ஃபார்ட்டிநைனர் அப்படியல்ல. அந்த வகுப்பில் எல்லாப் படகும் ஒரே அச்சாக இருந்தாக வேண்டும். இரு வகையையும் ஒரே விதிக்குள் அடைத்தால், யாரோ ஒருவருடைய விலையுயர்ந்த படகு ஒரே நாளில் பழசாகிவிடும்.

வகுப்புக்கு இரண்டு மூன்று படகுகளோடு தனித்தனியே தொடங்கும் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறேன், சலிப்புதான். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒவ்வொரு வகைப் படகின் வேகத்துக்கேற்பத் தரப்படும் போர்ட்ஸ்மவுத் எண்ணின்படி நேரத்தைச் சரிசெய்தபோது போட்டி சூடுபிடித்தது. ஆகவே சங்கங்கள் முதலில் போட்டி நாள்களையும் தொடக்கத்தையும் பொதுவாக்கட்டும், வகுப்புப் பரிசு தனியாகவே இருக்கட்டும். விதிகளைப் பற்றி அப்புறம் பேசலாம்.