நயினாதீவில் ஒரு பரதேசியைக் கரைசேர்த்தவர்களுக்கு

உங்களில் ஒருவரிடமும் பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். அதனால்தான் இந்த நன்றியை ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், இலங்கையின் யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் மரக்கறிப் பையோடு நின்ற அக்காவுக்கு. தமிழ்நாட்டிலிருந்து தனியாக வந்தவள் நான். நயினாதீவுப் படகு என்று நினைத்து நெடுந்தீவுப் படகில் ஒரு காலை வைத்துவிட்டேன். கையைப் பிடித்து இழுத்து, "அங்கே குதிரைதான் இருக்கிறது, அம்மன் இந்தப் பக்கம்" என்றீர்கள். நயினாதீவு கால் மணி நேரம்தான். நெடுந்தீவுக்குப் போயிருந்தால் அன்றைய பகல் கடலிலேயே கரைந்திருக்கும்.

படகிலிருந்து இறங்கும்போது காற்று என் குடையைப் பறித்துக் கடலில் போட்டது. நீண்ட கழியால் அதைத் தூக்கிக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. எட்டுக் கம்பியில் நான்கு முறிந்திருந்தது. சிரிப்பை அடக்க நீ பட்ட பாட்டையும் கவனித்தேன்.

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, தனியாகப் பயணம் போகிறவர்களின் பெரிய தொல்லை உங்களுக்குத் தெரிந்திருந்தது: செருப்பையும் பையையும் யாரிடம் விடுவது? கேட்பதற்கு முன்பே கூடைக்கு அருகில் இடம் ஒதுக்கினீர்கள். கடவுச்சீட்டும் அந்தப் பையில்தான் இருந்தது. இதை இன்னும் என் வீட்டில் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டபின் கோயில் கல்வெட்டைத் தேடிய என்னிடம் அதன் சேதியைப் பொறுமையாகச் சொன்ன பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, ஒரு சிங்கள மன்னன், தமிழில் பொறித்த ஆணை அது. பரதேசிகள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்கள் காக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, மற்றது உடையவனுக்கு. வாணிகப் பொருள் ஏற்றிய கப்பல் என்றால் சரிபாதி. எங்கள் ஊரில் பரதேசி என்பது வசவு. இந்தக் கல்லிலோ அது காப்பாற்றப்பட வேண்டிய கடலோடி வணிகனின் பெயர். நான் கையிலிருந்த குடையைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். "அப்படியென்றால் அந்த நான்கு கம்பி பண்டாரத்துக்குப் போய்விட்டது" என்றீர்களே, ஐயா, அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு முறை வரலாம்.

அன்னதான மண்டபத்தில் போதும் என்று கையை மறைத்தும் பரிமாறியவர்களே, மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இத்தீவுதான் என்று பலர் சொல்கிறார்கள். என் இலை அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும்.

சற்றுத் தள்ளி நாகதீப விகாரை. மணிகள் பதித்த ஓர் ஆசனத்துக்காகப் போரிட நின்ற இரண்டு நாக மன்னர்களைச் சமாதானம் செய்யப் புத்தர் வந்த இடம் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அங்கே வெள்ளை உடையில் வந்திருந்த சிங்களக் குடும்பத்துக்கு இந்த மடலை யாராவது படித்துச் சொன்னால் நல்லது. உங்கள் பாட்டி என்னைப் பார்த்து, "தனியமத?" என்றார். அன்று காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்ட கேள்வி; மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மற்றவர்கள் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். பாட்டி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். உவர்நீர்க் கிணறுகள் உள்ள தீவில், உச்சி வெயிலில், அது சிறிய காரியம் அல்ல. திரும்பி வந்தபோது யாழ்ப்பாணப் பஸ் போய்விட்டிருந்தது. உங்கள் வேனில் பேரனை மடியில் ஏற்றிக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தவரும் அவரே. வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டது இருபது சொல் இருக்கும். பேரன் என் தோளில் தூங்கிவிட்டான்.

கழி பிடித்த தம்பிக்கு ஒரு தகவல்: மிச்சம் நான்கு கம்பியோடு குடை வீடு வந்து சேர்ந்தது.