‘டாக்டர் ஹூ’ தந்த பயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சியில் வந்த அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பற்றிச் சென்ற மாத இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு அதில் ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கப்பட்டிருந்தது. ரப்பர் உடை மாட்டிய அரக்கர்கள் உலவும் மலிவான சிறுவர் தொடர் என்று கட்டுரையாளர் அதைக் கடந்துபோயிருந்தார். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி, 1989இல் நின்று, 2005இல் மீண்டும் உயிர்பெற்ற இத்தொடரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவள் என்ற முறையில், இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இதைப் பார்த்ததாகச் சொல்வார்கள். அவர்களை ஒளியவைத்தது ரப்பர் உடை மட்டுமாக இருந்திருக்க முடியாது.

செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் எதைக் காட்டாமல் விடுவது என்பதை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய அத்தியாயங்களே என்னை அதிகம் பயமுறுத்தியிருக்கின்றன. ஸ்டீவன் மொஃபட் எழுதி 2007இல் ஒளிபரப்பான ‘பிளிங்க்’ அவற்றுள் ஒன்று. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை கல்லாக நிற்கும் தேவதைச் சிலைகள், கண் இமைத்த நொடியில் நெருங்கிவிடுகின்றன. அந்த அத்தியாயத்தில் ஒரு சிலைகூட அசைவதை நாம் பார்ப்பதில்லை; அடுத்த காட்சியில் அது இன்னும் அருகில் நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்த இரவில், என் பத்து வயது மகள் ஷோகேஸில் இருந்த பீங்கான் பொம்மையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். சிறிது நேரத்தில் எழுந்து வந்து, “இப்ப அது கண்ணத் திறந்திருக்கா மூடியிருக்கான்னே தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முன்பக்கமாகவே திருப்பி வைத்தாள். பார்ப்பதும் பயம், பார்க்காமல் இருப்பதும் பயம் என்ற அந்த அத்தியாயத்தின் சூட்சுமத்தை அவளைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அதே மொஃபட் 2005இல் எழுதிய ‘தி எம்டி சைல்ட்’, 1941ஆம் ஆண்டு லண்டனில், குண்டுவீச்சுக்கு நடுவே நடக்கிறது. விஷவாயு முகமூடி அணிந்த ஒரு சிறுவன் தன் அம்மாவைத் தேடி அலைகிறான். கதையின் இரண்டாம் பகுதியான ‘தி டாக்டர் டான்சஸ்’ அத்தியாயத்தில், மருத்துவமனை அறை ஒன்றில் அவனது குரலைப் பதிவு செய்த ஒலிநாடாவை, காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் தொடரின் நாயகரான ‘டாக்டர்’ போட்டுக் கேட்கிறார். நாடா ஓடி முடிந்து அரை நிமிடம் ஆகியும் குரல் நிற்கவில்லை என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது. திரும்பிப் பார்த்தால், சிறுவன் அந்த அறைக்குள்ளேயே நிற்கிறான். ரத்தமில்லை, ஆயுதமில்லை, நாடா சுற்றி முடிந்து தட்டும் ஓசை மட்டுமே.

ஆனால் நான் மிகவும் அஞ்சியது 2008இல் ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதிய ‘மிட்நைட்’ அத்தியாயத்துக்குத்தான். வெளியே கால் வைத்தால் சூரிய ஒளியே கொன்றுவிடும் ஒரு வைரக் கிரகத்தில், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாகனம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. யாருமே உயிரோடு இருக்க முடியாத அந்த வெளியிலிருந்து யாரோ வாகனத்தைத் தட்டுகிறார்கள். அது என்ன என்பது கடைசி வரை காட்டப்படுவதே இல்லை. அது புகுந்துகொண்ட பெண் முதலில் மற்றவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறாள். டாக்டர் பை எண்ணின் வர்க்கமூலத்தை மளமளவென்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிச் சோதிக்கும்போதும் தடுமாறுவதில்லை. பிறகு அவர்களோடு சேர்ந்தே ஒரே நேரத்தில் பேசுகிறாள். முடிவில் டாக்டரின் சொற்களை அவருக்கு முன்பாகவே சொல்லத் தொடங்க, திருப்பிச் சொல்லும் நிலைக்கு அவர் ஆளாகிறார். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்ட விளையாடும் விளையாட்டுத்தான் இது. என் பிள்ளைகள் அப்படி விளையாடும்போது இன்றும் நான் பதறி நிறுத்திவிடுகிறேன்.

இதைவிடக் கொடுமையானது, சற்று முன்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பயணிகள், பயம் முற்றியதும் அந்தப் பெண்ணை வெளியே தள்ளத் துணிவதும், பிறகு டாக்டரையே கதவுப் பக்கம் இழுத்துச் செல்வதும். அவர்களில் கெட்டவர் என்று யாருமில்லை. ஒரு பேராசிரியர், ஒரு தாய், ஒரு தந்தை, பள்ளி வயதுப் பையன். தன் பேச்சாற்றலால் எத்தனையோ உயிர்களைக் காத்த டாக்டருக்கு, இங்கே அந்தப் பேச்சே பறிபோகிறது. கடைசியில் உண்மையைக் கண்டுகொண்டு, தன் உயிரைக் கொடுத்து எல்லோரையும் காப்பாற்றுபவள் வாகனத்தின் பணிப்பெண். அவள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்கும்போது, அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மௌனத்தின்போது எனக்கு ஏற்பட்டது பயமா அவமானமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இத்தகைய அத்தியாயங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்ற கவலையை நான் ஒதுக்கவில்லை. 1976இல் டாக்டரின் தலையை நீருக்குள் அமுக்கியபடி ஓர் அத்தியாயம் முடிந்தபோது, தொலைக்காட்சியில் வன்முறையையும் ஆபாசத்தையும் எதிர்த்துப் பிரிட்டனில் இயக்கம் நடத்திய மேரி வைட்ஹவுஸ் அம்மையார் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார். பிபிசியும் பின்னர் அக்காட்சியைக் குறைத்தது. அதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே ஒரு தாயாக நினைக்கிறேன். பிள்ளைகள் செய்து பார்க்கக்கூடிய வன்முறை அது. சிலையையும் தட்டும் ஓசையையும் அதனோடு சேர்க்க மாட்டேன். அவற்றைப் பார்த்த இரவுகளில் என் மகள் என்னிடம் ஓயாமல் கேள்வி கேட்டாளே தவிர, யாரையும் அடிக்கவில்லை.

இத்தொடரைப் பற்றி மீண்டும் எழுத வாய்த்தால், கட்டுரையாளர் ‘மிட்நைட்’ அத்தியாயத்தை மட்டுமாவது, இரவில், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி