மோட்டார் உறுமினால் உடனே நிறுத்து

அன்புள்ள கண்ணு,

ஆடி பிறந்ததும் மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிடப் போவதாகச் சொன்னாய். நாங்கள் அக்கா வீட்டில் இருப்போம். எதுவானாலும் போன் பண்ணிக் கேட்கலாம் என்று நினைக்காதே. காற்றும் மழையும் வந்தால் ஒடுகத்தூர்ப் பக்கம் முதலில் போவது கரண்ட், அடுத்து டவர். அதனால்தான் எழுதி வைக்கிறேன். இதைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வை.

தண்ணீரில் இருந்து தொடங்குகிறேன். கிணற்றில் இருப்பது 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். சுவிட்ச் போடும் முன் போர்டில் இருக்கும் வோல்ட் மீட்டரைப் பார். முள் 200க்கு மேல் இருந்தால் போடு. 180க்குக் கீழே இருந்தால் தொடவே தொடாதே. நிலங்களுக்கு த்ரீ பேஸ் கரண்ட் விடும் நேரத்தில் ஊரில் உள்ள பம்ப்செட் எல்லாம் ஒன்றாக ஓடும், அப்போது நம் வீட்டு வோல்டேஜ் விழும். த்ரீ பேஸ் நேரம் அவ்வப்போது மாறும், பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொள். அது முடிந்த பிறகு தொட்டியை நிரப்பு.

சுவிட்ச் போட்டதும் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே தண்ணீர் வரவில்லை என்றால், மூன்று எண்ணுவதற்குள் நிறுத்து. மோட்டார் சுற்றாமல் கரண்டை மட்டும் இழுக்கிறது என்று அர்த்தம். அரை நிமிடம் விட்டால் காயில் கருகிவிடும். பாதி நேரம் கோளாறு கண்டன்சரில்தான் இருக்கும். அது சில நூறு ரூபாய் பொருள், காயில் கட்டுவதோ ஆயிரக்கணக்கில் போகும். பழைய கண்டன்சரின் மேல் எத்தனை மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருக்கும், அதே எண்ணைக் கடையில் கேட்டு வாங்கு. கூடக் குறைய இருந்தால் மோட்டார் சூடேறும். கழற்றும் முன் மெயினை இறக்கு. இறக்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும். அதன் இரண்டு முனையையும் வெறும் கையால் தொடாதே.

1,000 லிட்டர் தொட்டி 15 முதல் 20 நிமிடத்தில் நிறைந்து வழியும். அரை மணி ஆகியும் வழியவில்லை என்றால் மேலே போகும் பைப்பில் ஜாயின்ட் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் மோட்டாரின் சல்லடையில் பாசியும் வேப்பஞ்சருகும் அடைத்திருக்கும். தண்ணீர் விட்டு விட்டு, காற்றோடு சீறிக்கொண்டு வந்தால் கிணற்றில் மட்டம் இறங்கிவிட்டது. அப்போதும் நிறுத்து, காய்ந்து ஓடினால் சீல் போய்விடும். பங்குனி, சித்திரையில் இது நடக்கும். மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும் என்றால் நைலான் கயிற்றைப் பிடித்துத்தான் இறக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சேற்றுக்கு இரண்டடி மேலேயே நிற்கட்டும்.

நம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் கல்லு மாதிரி நிற்கும். அடுப்பையும் பருப்பையும் குறை சொல்லிப் பயனில்லை, தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் காரணம். பருப்புக்கும் காபிக்கும் கேன் தண்ணீர் எடு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிவதை மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்துத் துடை.

மழைக்குப் பிறகு கிணறு கலங்கும். கலங்கிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் சரியாக வேலை செய்யாது, ஒன்றிரண்டு நாள் தெளிய விடு. பிறகு கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அள, அதுதான் நீரின் ஆழம். கிணற்றின் குறுக்களவை அதே குறுக்களவால் பெருக்கு, வந்ததை நீரின் ஆழத்தால் பெருக்கு, அதை 22ஆல் பெருக்கு. எல்லாம் அடியில் அளந்தால் விடை லிட்டரில் வரும். நம் கிணற்றின் குறுக்களவு 12 அடி. எட்டடி தண்ணீர் நின்றால் சுமார் 25,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கில் 63 கிராம் போதும். கண்ணளவு போடாதே, தராசில் நிறுத்துக்கொள்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரை, முக்கால் பக்கெட் தண்ணீர் சேர்த்துக் கலக்கு, பத்து நிமிடம் வை. அடியில் சுண்ணாம்பு இறங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு பக்கெட்டில் இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டு. சுண்ணாம்பையும் சேர்த்துக் கொட்டினால் ஏற்கனவே உப்பான தண்ணீரில் இன்னும் சுண்ணாம்பு ஏறும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். இதைச் சாயங்காலம் செய்தால் காலைக்குள் கிணறு தயார். பாக்கெட்டைப் பிரித்துத் திறந்து வைத்தால் வீரியம் பறந்துவிடும், மூக்கைத் துளைக்கும் வாசனை இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு.

கரண்ட் பற்றி இன்னும் கொஞ்சம். கொடிக்குக் கம்பி கட்டாதே, நைலான் கயிறு கட்டு. கம்பத்தின் ஸ்டே கம்பியில் துணியோ மாடோ கட்டக் கூடாது. எர்த் குழியில் கோடையில் வாரம் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்று, மண் காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஃப்யூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றும் வழக்கம் ஊரில் உண்டு. அதைச் செய்யாதே, அப்புறம் ஃப்யூஸுக்குப் பதில் வீட்டு ஒயர் எரியும். ஒயர் அறுந்து தரையில் கிடந்தால் கிட்டே போகாமல், யாரையும் விடாமல், மின்னகம் என்ற மின்வாரியப் புகார் மையத்துக்கு 94987 94987இல் சொல். உன் ஆபீஸ் வேலைக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. 150 ஏ.எச். பேட்டரி இரண்டு ஃபேன், ஒரு லேப்டாப், நெட் பெட்டி இவற்றை நாலைந்து மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜையும் மாட்டினால் தாங்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்று, கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் பேட்டரி செத்துவிடும்.

பாம்பு பற்றி மருமகள் கேட்டாளாம். பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சாரையும் தண்ணிப்பாம்பும் ஒன்றும் செய்யாது, சாரை எலி பிடிக்கும், இருக்கட்டும். கவனிக்க வேண்டியவை நாலு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். கண்ணாடி விரியன் மிதிபடும் முன் குக்கர் சத்தம் போலச் சீறும். சுருட்டை சின்னது, கல் குவியலில் கிடக்கும். எனக்குக் கவலை கட்டுவிரியன்தான். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள், ராத்திரியில்தான் திரியும், தரையில் படுத்தவர்களைக் கடிக்கும். கொசுக் கடித்த மாதிரிதான் இருக்கும், வீக்கம் கூட இருக்காது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை, தொண்டை அடைக்கிறது என்று யார் சொன்னாலும் கடி தேடிக்கொண்டு நிற்காதே, கிளம்பு.

அதனால் கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள். வாசல் கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து இருந்தாலும் ரப்பர் பட்டை அடித்து மூடு. விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதே. மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையும் கேவுரு (கேழ்வரகு) மூட்டையும் உள்ளே வைத்தால் எலி வரும், எலி பின்னால் அது வரும். பூண்டு, உப்பு, பினாயில் எதுவும் பாம்பைத் தடுக்காது, காசுதான் வீண். ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச்சும் செருப்பும் வேண்டும்.

யாரையாவது கடித்துவிட்டால் கீறாதே, உறிஞ்சாதே, கயிறு கட்டாதே. மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்று. கடிபட்ட காலையோ கையையோ குச்சி வைத்து, அசையாதபடி தளர்வாகக் கட்டு. நடக்க விடாதே. கடித்த மணியைக் குறித்துக்கொள். 108க்குப் போன் பண்ணு. அது வர நேரமானால் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிதான். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டாம். இந்த நாலு பாம்புக்கும் மருந்து ஒன்றேதான். அதற்கான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைக் கையில் பிடித்து விஷம் எடுப்பது இருளர் பழங்குடி ஜனங்களின் கைத்திறமை.

தேள் கொட்டினால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலியோடு போகும். பாப்பாவுக்குக் கொட்டி, உடம்பு சில்லிட்டு வேர்த்தாலோ வாந்தி எடுத்தாலோ அதுவும் 108தான். ஷூவை உதறிவிட்டுப் போடச் சொல்லிப் பழக்கு.

மற்றவை சில்லறை விஷயம். ஈசல் வரும் ராத்திரி மற்ற எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, வாசல் லைட்டை மட்டும் எரிய விட்டு அதன் கீழ் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வை. ஐப்பசிக்கு முன் மாடியில் தண்ணீர் போகும் ஓட்டையில் வேப்பிலை அடைத்திருக்கிறதா பார், அடைத்திருந்தால் ஒரே மழையில் கூடத்துச் சுவர் ஊறும். உத்திரகாவேரி ஆற்றில் நம் ஊரில் தூறல் இல்லாமலே வெள்ளம் வரும், மேலே ஜவ்வாது மலையில் பெய்தால் போதும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் கணுக்கால் அளவுதான் என்று வண்டியை இறக்காதே. கத்தரிக்காய் இலவம்பாடி முள்ளுக் கத்தரியாகக் கேட்டு வாங்கு. 2023இல் புவிசார் குறியீடு கொடுத்த பிறகு எல்லாக் கத்தரிக்கும் அந்தப் பேரைச் சொல்லி விற்பார்கள், காம்பில் முள் குத்தினால்தான் எடு.

வீட்டுச் சாவி எதிர் வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கிறது. வந்திறங்கியதும் தொட்டியின் அடி வால்வைத் திறந்து பழைய தண்ணீரை முழுக்க வெளியே விடு, பாத்ரூமில் எல்லாக் குழாயையும் ஐந்து நிமிடம் ஓட விடு. அப்புறம் வோல்ட் மீட்டரைப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடு.

அன்புடன்,
அம்மா