திருகோணமலை நிரலாளர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, இன்று சமுகமளித்துள்ள அங்கத்தவர்களே,

எமது வட்டத்தின் கடந்த ஆண்டுக்கான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிருவாக சபை மாதந்தோறும் கூடியது. மழை காரணமாக நவம்பர், டிசம்பர் கூட்டங்கள் மட்டும் நடைபெறவில்லை. உவர்மலையில் மாணவர்களுக்கான பைதன் நிரல்மொழி வகுப்பு நிறைவுற்றது. ஆண்டு ஒன்றுகூடல் நிலாவெளியில் நடந்தது.

அங்கத்தவர்களின் கேள்விகளையும் தீர்வுகளையும் தமிழில் எழுதித் தொகுத்தமையே இவ்வாண்டின் பிரதான பணி. இது செயலாளரின் சொந்த ஆசை எனச் சென்ற கூட்டத்தில் ஒருவர் குறிப்பிட்டமையால், சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

தம்பலகாமத்து அங்கத்தவர் ஒருவர், தமது முகவரிப் பட்டியலில் ‘திருகோணமலை’ என்று தேடினால் சிலரே வருகின்றனர், மற்றையோர் கண்முன்னே இருந்தும் அகப்படவில்லை என்று ஓர் இரவு பதினொரு மணிக்குக் குழுவில் எழுதினார். அவர் முதலில் அனுப்பியது தொலைபேசியில் பிடித்த கணினித் திரையின் படம். அதில் மின்விசிறியின் நிழல் தெளிவாகத் தெரிந்தது, நிரல் தெரியவில்லை. நிரலை எழுத்தாக ஒட்டி, சிக்கலைக் காட்டும் இரண்டொரு வரிக்குச் சுருக்குமாறு கேட்டோம். சுருக்கியபோதுதான், எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு ஒரு ‘திருகோணமலை’யின் நீளம் 10 என்றும் மற்றையதன் நீளம் 11 என்றும் தெரிந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய பதிவுகளில் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒன்றாக அமையாது, இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கண்ணுக்கு ஒரே ஊர், கணினிக்கு இரண்டு ஊர்.

மூவர் மூன்று வழி சொன்னோம். பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும், யுனிகோடின் என்எஃப்சி ஒருசீராக்கத்தைப் பட்டியலுக்கும் தேடுசொல்லுக்கும் ஒருங்கே செய்ததும் எல்லா முகவரிகளும் வந்து சேர்ந்தன. எமது அங்கத்தவர் மட்டும் திரும்பி வரவில்லை. எந்த வழி பலித்தது என்பதையே அவருடைய மைத்துனரைச் சந்தையில் கண்டபோதுதான் அறிந்தேன். 2008 இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய, நிரலாளர்களின் கேள்வி விடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோவில், கேட்டவரே தமக்குப் பயன்பட்ட விடைக்குப் பச்சைச் சரிக்குறி இடும் ஏற்பாடு உண்டு. அக்குறி விடை சொன்னவருக்கான மரியாதை மட்டுமன்று. அடுத்து அதே சிக்கலோடு வருபவருக்கான வழிகாட்டியும் அதுவே. இரண்டு மாதங்களின் பின் கிண்ணியா அங்கத்தவர் ஒருவர் இதே ‘கோ’வில் தடுக்கி விழுந்து, நான் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து எவரையும் எழுப்பாமலே சரிசெய்துகொண்டார்.

சாட்ஜிபிடி இருக்கையில் வட்டம் எதற்கு என்றும் கேட்கப்பட்டது. 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃபுளோ, சாட்ஜிபிடி தந்த விடைகளை இடுவதைத் தற்காலிகமாகத் தடைசெய்தது, பார்வைக்குச் சரிபோன்ற பிழை விடைகள் பெருகியமையாலேயே. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கலாம். நிரலை ஓட்டிப் பார்த்துச் சொல்பவர் இன்றும் தேவை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவு செலவைச் சற்றே மிஞ்சியுள்ளது. சேவையகக் கட்டணத்தைச் செலுத்திய ஒருவர் அதனை இன்னும் திருப்பிக் கேட்காமையும் அதற்கு ஒரு காரணம். சந்தா செலுத்தியோர் அரைவாசிப் பேருமில்லை. செலுத்தாதோரின் பெயர்களைச் சபையில் வாசிப்பது முறையன்று. பட்டியல் வாசலருகே ஒட்டப்பட்டுள்ளது. கேள்வி கேட்பதில் முன்னிற்கும் சிலரின் பெயர்கள் அதிலும் முன்னிற்பதை அங்கத்தவர்கள் தாமே கண்டுகொள்ளலாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், மண்டபம் தந்துதவியோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்க முன்வந்தால், தொகுப்பையும் கடவுச்சொற்களையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிடின், சேவையகக் கட்டணம் மார்ச்சில் மீண்டும் வருகிறது என்பதை மட்டும் சபையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தம்பலகாமத்து அங்கத்தவர் இன்று வந்திருப்பாராயின், தமது கேள்வியின் கீழ் ஒரு வரி எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்