மேசைக்கு இருவர் வேண்டும்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் வேதியியல் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். முதலாமாண்டு செய்முறை வகுப்புகள் இந்தப் பருவத்தில் எப்படி மாறின என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாதிச் சோதனைகள் கருத்தரங்கக் கூடத்தில் காணொளியாகிவிட்டன. மீதியை மேசைக்கு ஒருவராக நின்று செய்கிறார்கள். பழையபடி மேசைக்கு இருவரை நிறுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் விடுதியில் என் பக்கத்து அறை முதலாமாண்டு மாணவிக்குக் காய்ச்சல். அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள். மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கிவர ஆளில்லாமல் மூன்று நாள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு படுத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததே மூன்றாம் நாள் இரவுதான். “வகுப்பில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே” என்றேன். கைபேசியை நீட்டினாள். வகுப்பு வாட்ஸப் குழுவில் வரிசையாக எண்கள். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, ஐயா. அவள் வராததைக் கவனித்தது வருகைப் பதிவேடு ஒன்றுதான். அப்பாவுக்குக் குறுஞ்செய்தி மட்டும் நாள் தவறாமல் போயிருக்கிறது.

நானும் தமிழ்வழியில் படித்துவிட்டு வாய் திறக்கப் பயந்து வந்தவள்தான். என் வாயைத் திறந்தது பெர்மாங்கனேட் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் சோதனை. ஆக்ஸாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒருத்தி பர்னரிடம் நின்றால் இன்னொருத்தி பியூரெட்டை, அந்த அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயை, பிடிக்க வேண்டும். அதிலுள்ள பெர்மாங்கனேட் கரைசல் கருத்த ஊதா என்பதால் மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவெடுக்க முடியும். எனக்கு 18.2 மி.லி. தெரிந்தது, என் மேசை இணைக்கு 18.3. நாங்கள் முதன்முதலில் பேசியதே அந்தச் சண்டைதான். மூன்று வருடமாகப் பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போய்வருகிறேன்.

பாட வகுப்பில் பேசினால் வெளியே அனுப்புவீர்கள். செய்முறை வகுப்பில் பேசாமல் இருந்தால் குடுவை உடையும். பேசத் தெரியாத பிள்ளைக்கும் பேச ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிற வகுப்பு நம் கல்லூரியில் அது ஒன்றுதான்.

இருவராக நின்றால் ஒருவர் செய்வதை மற்றவர் காப்பியடிக்கிறார் என்று காரணம் சொல்லப்பட்டது. உண்மைதான். இரண்டாவது ரீடிங்கைப் பார்த்து மூன்றாவதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. பருவ இறுதித் தேர்வில் ஒவ்வொருவரும் தனியாகத்தானே செய்து காட்டுகிறோம், அங்கே பிடித்துக்கொள்ளலாமே. காணொளி முறை 2020இல் கொரோனா அடைப்பின்போது வேறு வழியில்லாமல் வந்தது. இப்போது ஆய்வகம் திறந்திருக்கிறது. பியூரெட்டுகள் கழுவிக் கவிழ்த்த நிலையில் காத்திருக்கின்றன. அவற்றின் படத்தைப் பக்கத்துக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிக்கை வெளியிட்டது. நம் கல்லூரியிலும் அதைப் பற்றிச் சிறப்புச் சொற்பொழிவு நடந்தது. பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம் எல்லாம் குறைவில்லை. இரண்டு மணி நேரம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவள் பெயரை நானும் கேட்கவில்லை. மனநல ஆலோசனை அறைக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்திருக்கிறது. சாவி யாரிடம் என்றுதான் தெரியவில்லை. கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது எப்படியும் கிடைத்துவிடும்.

வரம்பு மீறியிருந்தால் மன்னியுங்கள். புதிய கட்டடமோ நிதியோ நான் கேட்கவில்லை. மேசைக்கு இருவர் போதும். பதிவெண் வரிசையிலேயே ஒட்டிவிடாமல் மாதம் ஒருமுறை இணையை மாற்றினால் இன்னும் நல்லது. அடுத்த வாரம் முதலாமாண்டுக்குப் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மூன்றாமாண்டு வேதியியல் மாணவி